நொய்யல் மண் குடித்த மழை எவ்வளவு?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கள் துறையைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள், மாணவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும்" என்று செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். என் துறை நிலத்தடி நீர். உத்தியோக காலத்தில் பெரும்பகுதியை நொய்யல் வடிநிலத்தில் கிணற்றுக்குள் டேப் விட்டு அளப்பதிலேயே கழித்தவன் நான். அதில் சாதனை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. நான் செய்த ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. அதைச் சொன்னால் மாணவர்களுக்கு அதிக உபயோகம் என்று தோன்றியதால், அதையே சொல்ல வந்திருக்கிறேன்.

நொய்யலைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் என்று கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊருக்கருகில் காவிரியில் கலக்கிறது. வடிநிலத்தின் பரப்பு ஏறக்குறைய 3,500 சதுர கிலோமீட்டர். மேற்கே மலையில் கொட்டித் தீர்க்கும் மழை, சமவெளிக்கு வந்தால் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும்.

இந்த 700 மில்லிமீட்டரில் எவ்வளவு பூமிக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது? கேள்வி இவ்வளவுதான். இதைத்தான் 'ரீசார்ஜ்' என்கிறோம். தமிழில் நீர்ச்செறிவு என்று எழுதுவது வழக்கம். எங்கள் ஊரில் பெரியவர்கள் "மண்ணு குடிச்சது" என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும்.

மண் குடிப்பதை நேரே அளக்க முடியாது என்பதுதான் இந்தத் துறையின் சங்கடம். மழையை மானியில் அளக்கலாம். ஆற்றில் ஓடுவதை அணையில் அளக்கலாம். மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தவர் யாருமில்லை. மழையிலிருந்து ஓடிய தண்ணீரைக் கழித்து, ஆவியானதையும் பயிர் உறிஞ்சியதையும் கழித்தால் மிச்சம் வந்துவிடாதா என்று மாணவர்கள் கேட்கலாம். வரும். ஆனால் நம் பக்கத்தில் ஆவியாகிப் போவதே மிகப் பெரிய தொகை. அதை மதிப்பிடுவதில் பத்து சதவிகிதம் பிசகினால் போதும், நாம் தேடும் மிச்சமே காணாமல் போய்விடும். சம்பளத்தில் வீட்டுச் செலவைத் தோராயமாகப் போட்டுவிட்டு, மாசக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்று சொல்கிற மாதிரி.

ஆகவே வேறு வழிகள். 1970களின் பிற்பகுதியில் ஹைதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே நொய்யல் வடிநிலத்தில் டிரிடியம் செலுத்தி ஆராய்ந்தார்கள். மழைக்கு முன் மண்ணில் ஒரு ஆழத்தில் மிகச் சிறிய அளவு டிரிடியத்தை ஊசி போட்ட மாதிரி இறக்கிவிடுவது. மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தைத் தோண்டி, அது எத்தனை அடி கீழே போயிருக்கிறது என்று பார்ப்பது. அது நகர்ந்த தூரத்திலுள்ள ஈரம்தான் அந்த வருஷம் மண் குடித்த மழை. அவர்களுக்குக் கிடைத்த விடை, மழையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வந்தது. பத்தில் ஒன்றுதான், நண்பர்களே. மீதி ஒன்பது பங்கு ஓடிவிட்டது, காய்ந்துவிட்டது, பயிரும் மரமும் குடித்துவிட்டன.

டிரிடியத்தைக் கிராமம் கிராமமாகப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அலுவலகத்தில் நடைமுறை வழி, கிணற்றில் நீர்மட்டம் ஏறுவதைப் பார்ப்பது. மே மாதம் ஒரு முறை அளக்கிறோம், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை. நாலு மீட்டர் ஏறியிருக்கிறது என்று வையுங்கள். நாலு மீட்டர் உயரத்துக்குப் பூமி முழுக்கத் தண்ணீர் நிற்கவில்லை. பாறையின் சந்துகளில்தான் நிற்கிறது. அதில் கிணற்றுக்கு வடிந்து வரக்கூடிய பங்கு எவ்வளவு என்பதற்கு 'ஸ்பெசிஃபிக் ஈல்டு' என்று பெயர். ஆற்று மணலில் இது நூற்றுக்குப் பதினைந்து வரை போகும். நம்முடைய நைஸ் பாறைப் பூமியில் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு, மூன்று. பரப்பு, நீர்மட்டம் ஏறிய உயரம், இந்த ஈல்டு, மூன்றையும் பெருக்கினால் செறிவு வந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்கு. அந்தப் பள்ளிக்கூடக் கணக்கில்தான் நான் கோட்டைவிட்டேன்.

1990களின் ஆரம்பம். அப்போது கையிலிருந்தது 1984ஆம் ஆண்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் வழிகாட்டி. கிடைக்கும் நீரில் 65 சதவிகிதத்துக்குக் குறைவாக எடுத்தால் அந்த ஒன்றியம் வெள்ளை. 65 முதல் 85 வரை சாம்பல். 85ஐத் தாண்டினால் கறுப்பு. இது வெறும் வண்ணம் அல்ல. கறுப்பு என்றால் புதுக் கிணறு வெட்டவும் ஆழப்படுத்தவும் வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. சாம்பல் என்றால் கிடைக்கும். ஆகையால் எங்கள் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் விழும் எண்ணுக்கு ஊரில் நிறைய பேர் காத்திருப்பார்கள்.

நான் கணக்குப் போட்டது வடிநிலத்தின் நடுப்பகுதியில் ஒரு துண்டு. ஊர் பெயர் வேண்டாம். உண்மையான எண்களும் இங்கே வேண்டாம். மாணவர்கள் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்க வசதியாக உருட்டிய எண்களாகச் சொல்கிறேன். பரப்பு 100 சதுர கிலோமீட்டர். பதினொரு கிணறுகள். எட்டில் நீர்மட்டம் சராசரி 4 மீட்டர் ஏறியிருந்தது. மீதி மூன்றும் மேட்டாங்காட்டுக் கிணறுகள். மே மாதமும் அடி தெரிந்தது, ஜனவரியிலும் அடி தெரிந்தது. அளக்க என்ன இருக்கிறது? நோட்டில் 'உலர்' என்று எழுதினேன். உலர் என்பது எண் இல்லை, எண் இல்லாததைச் சராசரியில் சேர்க்க முடியாது. எட்டு கிணற்றுச் சராசரியை எடுத்து நூறு சதுர கிலோமீட்டருக்கும் போட்டுவிட்டேன்.

அடுத்தது ஈல்டு. வழிகாட்டி கிரானைட் வகைப் பாறைக்கு 2 முதல் 4 சதவிகிதம் என்று சொல்லியிருந்தது. இரண்டா நாலா என்று தெரியாதபோது மூன்று போடுவதுதானே மனுஷ சுபாவம்? மூன்று போட்டேன். 100 சதுர கிலோமீட்டர், 4 மீட்டர், 3 சதவிகிதம்: 120 லட்சம் கனமீட்டர். குடிநீருக்கும் தொழிலுக்கும் 15 சதவிகிதம் ஒதுக்கினால் பாசனத்துக்கு 102 லட்சம். நிகரமாக எடுப்பது 80 லட்சம். அப்படியானால் 78 சதவிகிதம். சாம்பல். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மேலே யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அதில் வில்லங்கமாக எதுவும் தெரியவும் இல்லை. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி.

மூன்று வருஷம் கழித்து அதே பக்கம் வேறு வேலையாகப் போனேன். மேட்டில் ஒரு தோட்டத்துக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் நோட்டில் 'உலர்' என்று இருந்த மூன்றில் ஒன்று அவர் கிணறு. "வாங்க சார், உக்காருங்க, மோர் குடிக்கிறீங்களா" என்று திண்ணையில் உட்கார வைத்தார். கடன் கிடைத்ததாம். கிணற்றை இருபது அடி ஆழப்படுத்தினாராம், சைடு போர் நாலு பக்கமும் போட்டாராம். முதல் வருஷம் கொஞ்சம் ஊறியது. அப்புறம் பழையபடி. கடனைக் கட்டத் தோட்டத்தில் பாதியை விற்றுவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பேங்க்ல கேட்டதுக்கு, இந்தப் பக்கம் தண்ணி இருக்குதுன்னு கவருமென்ட்லயே எழுதியிருக்குதுன்னாங்க. நீங்க வந்து எட்டிப் பாத்தீங்களே சார், என்ற கெணத்துல தண்ணி இல்லீங்களே? அப்பறம் எங்கீங்க இருக்குதுன்னு எழுதுனீங்க?" என்று கேட்டார்.

பள்ளத்தில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் அளந்த எட்டில் பெரும்பாலானவை ஓடையோரம், குளத்துக்குக் கீழ்ப்புறம் இருந்தவை. தண்ணீர் உள்ள கிணறாகப் பார்த்து அளந்திருக்கிறேன். குளம் நிறைந்தால் கீழ்க்காட்டுக் கிணறு ஏறத்தானே செய்யும்? குளத்துக் கசிவைப் பிற்கால வழிகாட்டி, நீர் நிற்கும் பரப்பில் நாளொன்றுக்கு 1.4 மில்லிமீட்டர் என்று கணக்கிடச் சொல்கிறது. நூறு ஹெக்டேர் குளத்தில் 150 நாள் தண்ணீர் நின்றால் இரண்டு லட்சம் கனமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். அந்தக் குளத்தின் கொடையை நான் மேட்டாங்காட்டுக்கும் சேர்த்து மழையின் கணக்கில் எழுதியிருந்தேன்.

அன்று ராத்திரி அறையில் உட்கார்ந்து மறுபடி போட்டேன். உலர்ந்த மூன்று கிணற்றுக்கும் ஏற்றம் பூச்சியம் என்று வைத்தால் சராசரி 4 மீட்டர் அல்ல, 2.9. அது ஒன்றை மாத்திரம் மாற்றினாலே எடுப்பு 108 சதவிகிதம் ஆகிறது. கறுப்பு! பூச்சியம் என்று வைப்பதும் முழு நியாயம் இல்லைதான். கிணற்றின் அடிக்குக் கீழே நீர்மட்டம் ஏறியதா இறங்கியதா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் தெரியாததை விட்டுவிட்டு, தெரிந்ததை எல்லா இடத்துக்கும் போடுவது அதைவிட அநியாயம்.

பிறகு 1997இல் புது வழிகாட்டி வந்தது. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு இன்னொரு அடி. களிமண் குறைவாக உள்ள மக்கிய நைஸ் பாறைக்கு ஈல்டு 3 சதவிகிதம், களிமண் மிகுந்திருந்தால் 1.5 என்று அதில் பிரித்திருந்தார்கள். நான் கணக்குப் போட்ட பகுதியில் மக்கிய பாறை பிசுபிசுவென்று களிமண்ணாகக் கையில் ஒட்டும். ஆக அங்கே சரியான எண் ஒன்றரை. செறிவு பாதியாகிறது, ஈல்டை மாத்திரம் திருத்தினாலே எடுப்பு 157 சதவிகிதம். இரண்டு தப்பையும் சேர்த்துத் திருத்தினால் இருநூறைத் தாண்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கலாமே என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை, இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

அதே 1997 வழிகாட்டியில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மழையில் இத்தனை சதவிகிதம் என்று இன்னொரு வழியிலும் செறிவைக் கணக்கிடச் சொல்கிறார்கள். மக்கிய நைஸ் பாறைக்கு 11, களிமண் மிகுந்தால் 8, சார்னோகைட் போன்ற பாறைக்கு 5. கிணற்றுக் கணக்கும் மழைக் கணக்கும் 20 சதவிகிதத்துக்கு மேல் முரண்பட்டால், கிணற்றுக் கணக்கை அப்படியே ஏற்கக் கூடாது. மழைக் கணக்கின் 0.8 மடங்குக்கும் 1.2 மடங்குக்கும் இடையில் அதைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும். முதலில் இது எனக்குக் கொஞ்சம் முரட்டு வைத்தியமாகப் பட்டது. என் மாதிரி ஆட்களுக்குப் போட்ட மூக்கணாங்கயிறு என்று பிறகு புரிந்துகொண்டேன். இன்னொன்று, 20 சதவிகிதத்துக்கு மேல் சரிவுள்ள மலைப் பரப்பைச் செறிவுக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. வெள்ளியங்கிரிச் சரிவில் விழும் அத்தனை மழையையும் சமவெளிக் கிணற்றுக்கு வரவு வைத்து மகிழ்ந்துகொள்வதற்கு அதோடு முற்றுப்புள்ளி.

நொய்யலில் வேறொரு சிக்கலும் உண்டு. இது வெளியூரிலிருந்தும் தண்ணீர் வாங்கும் வடிநிலம். கோவை நகரம் குடிக்கும் சிறுவாணித் தண்ணீரும் பில்லூர்த் தண்ணீரும் பவானி வடிநிலத்துடையவை. அது குழாயில் ஒழுகியும் சாக்கடையாகிக் குளத்தில் சேர்ந்தும் நொய்யல் பூமிக்குள் இறங்குகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனமும் கீழ்பவானிப் பாசனமும் ஓரங்களில் கசிகின்றன. கிணற்றில் மட்டம் ஏறினால் அது மழையா, கால்வாயா, சாக்கடையா என்று டேப்புக்குத் தெரியாது.

திருப்பூருக்குக் கீழே போனால் கதை இன்னும் மோசம். 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அந்த அணையில் சில வருஷங்களிலேயே சாயக்கழிவு தேங்கி நின்றது. சுற்று வட்டாரத்தில் கிணறுகள் ஏறின. கணக்கின்படி அது செறிவுதான்; அட்டவணையில் போட்டால் அழகாக இருக்கும். கிணற்றுத் தண்ணீரைத் தென்னைக்குக்கூட விட முடியாது.

குளோரைடு முறை என்று ஒன்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மழையில் உள்ள குளோரைடு உப்பு ஆவியாகாது. ஆகையால் மழைத்தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமும் கிணற்றுத் தண்ணீரில் 60 மில்லிகிராமும் இருந்தால், இருபது பங்கு மழையில் ஒரு பங்குதான் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அருமையான முறை, செலவும் குறைவு. சாயப்பட்டறைகள் சோடியம் குளோரைடை, அதாவது நம் சமையல் உப்பைத்தான், டன் டன்னாகப் பயன்படுத்தின. ஆயிரக்கணக்கில் குளோரைடு ஏறிய கிணற்றில் இந்தச் சூத்திரத்தைப் போட்டால், அங்கே மழை மண்ணுக்குள் இறங்கவே இல்லை என்று விடை வரும். கிணற்று மட்டத்தைப் பார்த்தால் ஏராளமாக இறங்கியதாக வரும். ஒரே கிணறு, ஒரே நாள், இரண்டு விடை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை ஆற்றில் விடாத ஏற்பாடு செய்யும் வரை பட்டறைகளை மூடச் சொன்னது. பூமிக்குள் போன உப்பு, தீர்ப்பைக் கேட்டுத் திரும்பி வருவதில்லை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு வழிகாட்டி வந்து, 2022 முதல் நாடு முழுக்க ஆண்டுதோறும் மதிப்பீடு நடக்கிறது. கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. வெள்ளை, சாம்பல், கறுப்பு போய்விட்டது. 70க்குள் பாதுகாப்பானது, 100ஐத் தாண்டினால் மிகைச்சுரண்டல் என்று பெயர் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒன்றியத்துக்குப் பதில் பிர்கா வாரியாகப் பிரித்தார்கள். பிர்கா எல்லையும் நீர் ஓடும் எல்லையும் ஒன்றல்ல என்ற பழைய குறை அப்படியே இருந்தது. ஆனாலும் நூறு சதுர கிலோமீட்டருக்கு ஒரு சராசரி என்ற என் காலத்து மொத்தைக்கு அது எவ்வளவோ தேவலை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2019இல், ஒரு கட்டுரை கைக்கு வந்தது. தேஜஸ்வி ஹோரா, வீணா சீனிவாசன், நந்திதா பாசு மூவரும் எழுதியது. தென்னிந்தியாவில் நிலத்தடி நீர் மீண்டு வருவதாக அளவைகள் காட்டுகின்றன, விவசாயிகளோ கிணறு வற்றுகிறது என்கிறார்கள், இது எப்படி? அவர்கள் கண்ட காரணங்களில் முக்கியமானது, வற்றிய கிணறுகள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன என்பது. மிஞ்சிய கிணறுகளின் சராசரியைப் பார்த்து நாம் தண்ணீர் ஏறுகிறது என்கிறோம். படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தத் திண்ணையில் மோர் கொடுத்தவர் கேட்ட அதே கேள்வி. அவர் அப்போது உயிரோடு இல்லை. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நம் ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு இருக்கிறதே, நாங்கள் படித்தபோது அதில் குதித்து நீச்சலடித்து வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கம்பி வலை போட்டு மூடியிருக்கிறது. சருகுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று கல்லைப் போட்டுப் பார்த்தேன், சத்தம் சரியாகக் கேட்கவில்லை. என்னுடைய அளவு டேப்பைத் துறைத்தலைவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். ஐம்பது மீட்டர், இன்னும் நன்றாக இருக்கிறது. மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், கைப்பிடிச் சுவரில் சிவப்பு பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து அளங்கள். மாடியில் ஒரு மழைமானி வையுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் 'உலர்' என்று எழுதி, பக்கத்தில் கிணற்றின் ஆழத்தையும் எழுதுங்கள். அடுத்த மாதமும் அப்படித்தான் என்றாலும் போய்ப் பார்த்து எழுதுங்கள். நோட்டை அடுத்த சந்திப்புக்கு வரும்போது எனக்குக் காட்டவேண்டும்.